ஹாம் வானொலி ஊட்டுவடங்களில் குறிப்பலை இழப்பு: மன்னார் வளைகுடாக் கரையை முன்வைத்து ஒரு வரலாறு

ஹாம் வானொலி நிலையத்தில் வானொலிக் கருவியையும் கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவையும் இணைக்கும் வடம் ஊட்டுவடம் எனப்படும். இன்று இதற்குப் பெரும்பாலும் ஓரச்சு வடமே பயன்படுகிறது. கேபிள் தொலைக்காட்சி இணைப்புள்ள வீடுகளில் காணப்படும் உருண்டை வடமும் இதே வகையைச் சேர்ந்ததே. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றிப் பாலிஎத்திலீன் காப்பு, அதன்மேல் பின்னிய செம்பு வலை, வெளியே கறுப்பு உறை என்பது இதன் அமைப்பு. நடுக்கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒன்றே என்பதால் ஓரச்சு வடம் என்ற பெயர் வந்தது.

கருவியிலிருந்து புறப்படும் திறன் முழுவதும் ஆன்டெனாவை அடைவதில்லை. ஒரு பகுதி வடத்திலேயே வெப்பமாக மாறி மறைந்துவிடுகிறது. அதேபோல் ஆன்டெனா பிடித்துத்தரும் மெல்லிய குறிப்பலையும் கீழே வருவதற்குள் மேலும் மெலிகிறது. இதையே குறிப்பலை இழப்பு அல்லது வலுவிழப்பு என்பர்.

இந்த இழப்பின் வரலாறு வானொலியோடு தொடங்கவில்லை. கடலடித் தந்தியோடு தொடங்கியது. எனவே தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரையை முன்வைத்து இதைப் பேசுவது பொருத்தமானது. கடலடி வடம், கடல் தாண்டி வந்த தொலைக்காட்சி அலை, உப்புக்காற்றில் அரிக்கும் செம்பு வலை ஆகிய மூன்றையும் இக்கடற்பகுதி கண்டிருக்கிறது.

கடலடித் தந்தியில் தொடங்கிய சிக்கல்

முத்துக்குளிப்பவர் கடலுக்கடியிலிருந்து கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார். படகில் இருப்பவர் அதை உணர்ந்து அவரை மேலே தூக்குவார். கயிறு நீளமாகவும் தளர்வாகவும் இருந்தால் இழுப்பின் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். அதனால் மேலே இருப்பவர் கூர்ந்து கவனிக்க வேண்டும். மின்குறிப்பலையைக் கடலுக்கடியில் அனுப்ப முயன்ற பொறியாளர்களும் 19ஆம் நூற்றாண்டில் இதையொத்த சிக்கலைச் சந்தித்தனர்.

1850களின் பிற்பகுதியில் இந்தியத் தந்தித் தொடர்பு பாக் நீரிணையைக் கடந்து இலங்கையை எட்டியது. நீரிணை ஆழமற்றது, தொலைவும் குறைவு. ஆகவே அங்கே இழப்பு பெரிய தடையாகவில்லை. ஆனால் 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே முதல் வடம் போடப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட செய்தியை அனுப்பி முடிக்கச் சுமார் 16 மணி நேரம் ஆனது.

அதன் காரணத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் மோதின. திட்டத்தின் மின்னியலாளரான வைல்ட்மேன் வைட்ஹவுஸ், மின்னழுத்தத்தை உயர்த்தினால் குறிப்பலை தெளிவாகும் என்று நம்பினார். பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தாம்சனின் கருத்து வேறு. வடத்தின் நீளம் இரு மடங்கானால் குறிப்பலையின் தாமதம் நான்கு மடங்காகும் என்று அவர் முன்பே கணக்கிட்டிருந்தார். தடித்த செம்புக் கம்பி, தடித்த காப்பு, மறுமுனையில் நுண்ணிய கருவி ஆகியவையே தீர்வு என்பது அவர் முடிவு.

வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தம் வரை செலுத்தினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த வடம் ஒரு மாதத்திற்குள் முற்றிலும் செயலிழந்தது. 1866இல் வெற்றி கண்ட வடம் தாம்சன் காட்டிய வழியில் அமைந்தது. முதல் வடத்தில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 48 கிலோ செம்பு இருந்தது. புதியதில் சுமார் 136 கிலோ. குறிப்பலையைப் படிக்கத் தாம்சன் அமைத்த ஆடி கால்வனாமீட்டர் பயன்பட்டது.

இந்தப் பாடம் ஹாம் வானொலிக்கும் அப்படியே பொருந்தும். இழப்பைத் திறனால் வெல்ல முயல்வதைவிட நல்ல வடத்தாலும், வடத்தை வைக்கும் முறையாலும் குறைப்பதே சிறந்தது.

ஓரச்சு வடம் உருவான விதம்

1880இல் ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு, ஒரு கடத்தியை மற்றொன்றுக்குள் வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அருகருகே செல்லும் தந்திக் கம்பிகள் ஒன்றன் குறிப்பலையை மற்றொன்றுக்குக் கடத்திக் குழப்புவதைத் தடுப்பதே அவர் நோக்கம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் ஆஃபலும் பல தொலைபேசிப் பேச்சுகளை ஒரே வடத்தில் அனுப்பும் ஓரச்சு வட முறையை வகுத்து 1931இல் காப்புரிமை பெற்றனர்.

அக்காலத்து வானொலி ஆர்வலர்களிடம் இத்தகைய வடம் இல்லை. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதம் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அதே ஆண்டு ஜூலை 31இல் 40 வாட் பரப்பியுடன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில் ஆன்டெனாவுக்குத் திறனைக் கொண்டுசெல்ல இரண்டு வெறுங்கம்பிகளை இடைவெளிவிட்டு இழுத்துக் கட்டும் திறந்தவகை ஊட்டுக்கம்பி உலகெங்கும் பரவலாக இருந்தது. அதில் காற்றே காப்பு. காற்றில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் அக்கம்பியைச் சுவரோடு ஒட்டியோ, இரும்புக் குழாயோடு சேர்த்தோ, மண்ணில் புதைத்தோ கொண்டுசெல்ல முடியாது.

ஓரச்சு வடத்தை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தவை ஒரு வேதிப்பொருளும் ஒரு போரும். 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. வளையக்கூடியது, நீரை ஏற்காதது, உயர் அதிர்வெண்ணிலும் குறைந்த இழப்புடையது என்பதால் இரண்டாம் உலகப்போரின் ரேடார் கருவிகளுக்கு அது இன்றியமையாததாயிற்று. இன்றும் கடைகளில் கேட்கப்படும் ஆர்ஜி-58, ஆர்ஜி-213 போன்ற பெயர்களின் முன்னொட்டு அமெரிக்கப் படைத்துறையின் அக்கால வகைப்பெயரிலிருந்து வந்தது. போரின்போது இந்தியாவில் ஹாம் உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டும் வழங்கப்பட்டன.

1956இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசி வடமும் பாலிஎத்திலீன் காப்பிட்ட ஓரச்சு வடமே. இழப்பை ஈடுசெய்ய, கடலுக்கடியில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாகப் பெருக்கிகள் வைக்கப்பட்டன. 1981இல் சென்னையையும் மலேசியாவின் பினாங்கையும் இணைத்த கடலடி வடமும் ஓரச்சு வகையைச் சேர்ந்தது.

இழப்பு எங்கே நிகழ்கிறது?

ஓரச்சு வடத்தில் இழப்பு முக்கியமாக இரண்டு இடங்களில் நிகழ்கிறது.

முதலாவது, கடத்தி. அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செம்பினுள் மின்னோட்டம் 9 மில்லிமீட்டர் அளவுக்கு ஊடுருவும். 7 மெகாஹெர்ட்ஸில் இந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. 145 மெகாஹெர்ட்ஸில் அதைவிடவும் நாலைந்து மடங்கு குறைவு. கம்பி தடிமனாக இருந்தாலும் மின்னோட்டத்துக்குக் கிடைப்பது மெல்லிய மேல்தோல்தான். அதனால் மின்தடை கூடுகிறது. இவ்வகை இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயரும்: அதிர்வெண் நான்கு மடங்கானால் இழப்பு இரு மடங்காகும்.

இரண்டாவது, காப்பு. மாறும் மின்புலம் காப்புப் பொருளின் மூலக்கூறுகளை அசைத்துச் சிறிது திறனை வெப்பமாக்குகிறது. இது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் உயரும். நல்ல பாலிஎத்திலீனில் இந்தப் பங்கு சிறியது. நுரைவடிவப் பாலிஎத்திலீனில் காற்று கலந்திருப்பதால் இன்னும் சிறியது.

வடத்தின் தடிமனும் முக்கியம். தடித்த வடத்தில் மேற்பரப்பு மிகுதி. எனவே மின்தடை குறைவு. 1866இல் அட்லாண்டிக்கில் செம்பைக் கூட்டியதன் பயனும் மின்தடையைக் குறைத்ததே.

இழப்பின் அளவு

இழப்பை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பர். 3 டெசிபெல் இழந்தால் திறன் பாதியாகும்; 10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒன்றாகும். இரண்டு மாடி வீட்டின் கூரைக் கம்பத்திலிருந்து கீழறைக்கு வர 30 மீட்டர் வடம் தேவை என்றும், கருவியின் திறன் 50 வாட் என்றும் கொள்வோம். புதிய, உலர்ந்த வடத்தில் ஆன்டெனாவை அடையும் திறன் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

• 7 மெகாஹெர்ட்ஸ்: மெல்லிய ஆர்ஜி-58 வடத்தில் இழப்பு சுமார் 1 டெசிபெல், சேர்வது 40 வாட். தடித்த ஆர்ஜி-213 வடத்தில் சுமார் அரை டெசிபெல், சேர்வது 45 வாட்.

• 145 மெகாஹெர்ட்ஸ்: ஆர்ஜி-58இல் சுமார் 5 டெசிபெல், சேர்வது 16 வாட். ஆர்ஜி-213இல் சுமார் இரண்டரை டெசிபெல், சேர்வது 28 வாட்.

• 435 மெகாஹெர்ட்ஸ்: ஆர்ஜி-58இல் சுமார் 10 டெசிபெல், சேர்வது 5 வாட். ஆர்ஜி-213இல் சுமார் 5 டெசிபெல், சேர்வது 16 வாட்.

சிற்றலையில் குறையின்றி உழைத்த வடம் மிகு உயர் அதிர்வெண்ணில் ஏமாற்றுவது இதனால்தான். 2005 மே 5இல் இஸ்ரோ செலுத்திய ஹாம்சாட் செயற்கைக்கோள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குக் குரலை அனுப்ப 435 மெகாஹெர்ட்ஸும், அதிலிருந்து கேட்க 145 மெகாஹெர்ட்ஸும் பயன்பட்டன. மெல்லிய வடம் வைத்திருந்தால், அனுப்பிய திறனில் பெரும்பகுதி கூரையைத் தாண்டுமுன்பே தீர்ந்துவிடும். தூத்துக்குடித் துறைமுகத்திலும் மற்றத் துறைமுகங்களிலும் கப்பல்கள் அழைப்புக்காகக் கேட்டிருக்கும் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. இது ஹாம் அலைவரிசைக்கு அருகில் இருப்பதால், படகின் பாய்மரக் கம்பத்திலிருந்து இறங்கும் வடத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

ரூபவாகினிக் காலமும் கம்பத்துப் பூஸ்டரும்

ஹாம் உரிமம் என்ற சொல்லையே கேள்விப்படாத தென்மாவட்ட மக்களும் 1980களில் இந்த இழப்போடு போராடினர். 1982இல் இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சி தொடங்கியது. தூர்தர்ஷனின் உள்ளூர் ஒளிபரப்பு எட்டாத தென்தமிழகக் கடலோர வீடுகளில் உயரமான குழாய்க் கம்பங்கள் எழுந்தன. கம்பத்தின் உச்சியில் அலுமினியக் குழல்களாலான ஆன்டெனா தென்கிழக்கு நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. கிரிக்கெட் போட்டி நாள்களில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து படம் தெளிவதைக் கத்திச் சொல்வது பல ஊர்களின் வழக்கம்.

ரூபவாகினியின் முக்கியப் பரப்பி ஒன்று இலங்கையின் மிக உயர்ந்த மலையான 2,524 மீட்டர் உயரப் பிதுருதாலகாலையில் உள்ளது. அவ்வளவு உயரத்திலிருந்தும் வானொலி அடிவானம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியோ சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலின்மேல் ஈரக்காற்றும் அதன்மேல் உலர்ந்த வெப்பக்காற்றும் அடுக்காக அமையும் நாள்களில் அலைகள் வளைந்து அடிவானத்தைத் தாண்டும். அப்படி வந்துசேரும் அலை மிக மெல்லியது. அதில் ஒரு டெசிபெல்லை இழந்தாலும் படம் புள்ளிமழையில் மறைந்துவிடும்.

அதனால் பூஸ்டர் எனப்படும் பெருக்கி தேவைப்பட்டது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்தவர்களுக்குப் பெரிய பயன் கிடைக்கவில்லை. ஆன்டெனாவை ஒட்டிக் கம்பத்து உச்சியில் வைத்தவர்களுக்கே படம் தெளிந்தது. இதன் காரணத்தை 1944இல் ஹரால்டு ஃபிரிஸ் கணக்கால் விளக்கியிருந்தார். வடத்தில் மெலிந்த குறிப்பலை பெருக்கிக்கு வரும்போது, பெருக்கியின் சொந்த இரைச்சலுக்கு நிகராகத் தாழ்ந்திருக்கும். அதன்பின் எவ்வளவு பெருக்கினாலும் குறிப்பலையோடு இரைச்சலும் சேர்ந்தே வளரும். மெலிவதற்கு முன்பே பெருக்கினால்தான் பயன். இன்றும் செயற்கைக்கோள் குறிப்பலைகளைக் கேட்கும் ஹாம்கள் முன்பெருக்கியை ஆன்டெனா அருகில் வைப்பது இதனால்தான்.

அனுப்பும்போது ஏற்படும் இழப்பைக் கூடுதல் திறனால் ஓரளவு ஈடுசெய்யலாம். கேட்கும்போது ஏற்படும் இழப்பை, உச்சியில் பெருக்கி இல்லாவிட்டால், கீழே எதைக்கொண்டும் மீட்க முடியாது. வடத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

உப்புக்காற்றும் ஈரமும்

மேலே தந்த கணக்குகள் புதிய வடத்துக்கு உரியவை. கடற்கரையில் வடம் புதிதாக நெடுநாள் இருப்பதில்லை.

ரூபவாகினிக் காலத்தில் பலர் பயன்படுத்திய தட்டையான இரட்டைக்கம்பி வடம், உலர்ந்த நிலையில் ஓரச்சு வடத்தைவிட இழப்பு குறைந்தது. ஆனால் அதன் மின்புலம் வெளிக்காற்றிலும் பரவியிருப்பதால், மேலே உப்புப் படலம் படிந்து பனியில் நனைந்தால் இழப்பு வேகமாக உயரும். ஓரச்சு வடத்தின் மின்புலம் வலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் மழை அதைத் தொடுவதில்லை. உறை கிழியாமலும் முனை மூடியும் இருக்கும்வரை மட்டுமே அப்படி.

ஈரம் உள்ளே புகும் வழி பெரும்பாலும் மேல்முனை இணைப்பி. அங்கு நுழையும் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பின்னல் வலையின் இழைகளுக்கிடையே நெடுந்தூரம் பரவும். பாலிஎத்திலீனின் ஒப்புமை விடுதிறன் சுமார் 2.3, நீருக்கோ சுமார் 80. ஆகவே நீர் புகுந்த இடத்தில் வடத்தின் இயல்பான 50 ஓம் மின்னெதிர்ப்பு மாறிவிடும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தையும் கடத்தும். செம்பு கறுத்து, இழைக்கும் இழைக்கும் இடையிலான தொடர்பு கெடும். வெயில் உறையை வெடிக்கச் செய்தால் இவை அனைத்தும் விரைவாக நிகழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வடம் முன்போலவே தோன்றும்.

அளவி தரும் தவறான நம்பிக்கை

ஆன்டெனா சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை அறிய ஹாம்கள் நிலையலை விகிதத்தை அளப்பர். ஆன்டெனாவிலிருந்து திருப்பியடிக்கப்படும் திறன் குறைவாக இருந்தால் விகிதம் ஒன்றுக்கு அருகில் இருக்கும். அது நல்லது என்று கொள்வர். கெட்ட வடம் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வடத்தில் 10 டெசிபெல் இழப்பு இருப்பதாகக் கொள்வோம். அதன் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லை, கழன்று விழுந்துவிட்டது. மேலே செல்லும் திறனில் பத்தில் ஒன்றே முனையை அடையும். அது முழுவதும் திருப்பியடிக்கப்பட்டாலும் கீழே வரும்போது மீண்டும் பத்தில் ஒன்றாகக் குறையும். நூறில் ஒரு பங்கு மட்டுமே திரும்பி வருவதால், கீழேயுள்ள அளவி நிலையலை விகிதத்தை ஏறத்தாழ 1.2 என்று காட்டும். ஆன்டெனா இல்லாத நிலையம் மிகச் சிறந்த நிலையமாகத் தோன்றும். ஆண்டுக்காண்டு அளவியின் காட்சி தானாக மேம்பட்டுக்கொண்டே வந்தால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அன்று. வடம் கெட்டு வருவதற்கான அறிகுறி.

இதே தன்மையை வடத்தைச் சோதிக்கவும் பயன்படுத்தலாம். ஆன்டெனாவைக் கழற்றி, மேல்முனையைத் திறந்தே விட்டு, கீழிருந்து திறனை அனுப்பித் திரும்பி வருவதை அளக்க வேண்டும். அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் உள்ள டெசிபெல் வேறுபாட்டில் பாதியே வடத்தின் ஒருவழி இழப்பு. வடத்தைப் பொருத்திய நாளிலேயே இதை அளந்து எழுதிவைத்தால், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இச்சோதனையைக் குறைந்த திறனிலேயே செய்ய வேண்டும். திரும்பிவரும் திறன் பரப்பியைப் பழுதாக்கக்கூடும்.

பேரிடர்க் காலத்தில் இழப்பின் பொருள்

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த ஹாம் குழு, 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபின் போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளைப் பரிமாறியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் பெருமழையில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் தொடர்வண்டி நடுவழியில் நின்றது. பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின.

அத்தகைய நாளில் ஹாம் நிலையம் மின்கலத்தில்தான் இயங்கும்; திறனைக் கூட்ட வழியிருக்காது. 5 டெசிபெல்லை விழுங்கும் வடம், மின்கலத்தின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக்கிவிடும். அதைவிட முக்கியமாக, தொலைவிலிருந்து உதவி கேட்கும் மெல்லிய குரல் கருவியை எட்டாமலே போகக்கூடும். அப்படி ஒருவர் அழைத்தார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

இதைத் தவிர்க்கும் வழிகள் பழையவை, எளியவை. வடம் தேவைக்கு மேல் நீளக்கூடாது. மிகு உயர் அதிர்வெண்ணுக்குத் தடித்த வடமே வேண்டும். மேல்முனை இணைப்பியை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் வடத்தைச் சற்றுத் தாழ்த்தி வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பருவமழைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை இழப்பை அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

2006இல் தூத்துக்குடியையும் கொழும்பை அடுத்த கல்கிசையையும் இணைத்த பாரத் லங்கா கடலடி வடம் ஒளியிழையாலானது. இன்றைய ஒளியிழையில் இழப்பு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான். கூரையிலிருந்து இறங்கும் 30 மீட்டர் மெல்லிய வடம் 145 மெகாஹெர்ட்ஸில் இழக்கும் 5 டெசிபெல்லை இழக்க, ஒளி அந்த இழையில் 25 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கடலுக்கடியில் இழப்பு இந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. கூரைக்கும் கீழறைக்கும் இடையிலான வடத்தில், 1858இல் தொடங்கிய அதே கணக்கை ஒவ்வொரு ஹாமும் இன்றும் தானே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.